கால் மைல் பந்தயத்துக்கு எந்தப் பழைய கார்?

நின்ற நிலையிலிருந்து புறப்படும் இரண்டு வண்டிகளில் எது வளைவில்லாத நேர்ப்பாதையின் மறுமுனையை முதலில் தொடுகிறது என்று பார்க்கும் டிராக் பந்தயம், அமெரிக்கக் கார்ப் பந்தயங்களிலேயே மிக எளிய விதியைக் கொண்டதும், அதனாலேயே ஊதியத்துக்கு வேலை பார்க்கும் சாதாரணக் குடிமகன் தன் சொந்தக் காரோடு நுழைய முடிவதுமான விளையாட்டாகும். பாதையின் மரபான நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி அல்லது ஏறத்தாழ 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய கார்களை மாற்றியமைத்து வேகம் பார்த்த இளைஞர்கள் போர் முடிந்தபின் நகரத் தெருக்களிலும் ஓட்டத் தொடங்க, காவல்துறையின் கெடுபிடியும் ஊராரின் வெறுப்பும் வளர்ந்து, அதற்கு மாற்றாக விமானத்தள ஓடுபாதைகள் தேடப்பட்டன. 1950-இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில் கட்டணம் வாங்கி நடத்தப்பட்ட பந்தயம் முறையான டிராக் பாதைகளுக்கு முன்னோடியாயிற்று. அடுத்த ஆண்டே, அப்படி மாற்றியமைத்த கார்களின் பெயரையே தாங்கிய ஹாட் ராட் இதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். 1955-இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில், போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுபாதையில், அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது.

தொலைக்காட்சியில் காட்டப்படும் தொழில்முறை வண்டிகள் கார் என்ற சொல்லுக்கே பொருந்தாத நீண்ட குழாய்க் கூண்டுகளாக மாறிவிட்ட இன்றும், வாரக் கடைசியில் உள்ளூர்ப் பாதைக்கு வருபவர்களில் பலர் 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட பழைய கார்களையே விரும்புகிறார்கள். அப்படி ஒரு காரை வாங்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, தெருவுக்கு நான்கு ஓடிக்கொண்டிருந்த மாடலை எடுப்பதா, பெயரைக் கேட்டதும் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அரிய மாடலை எடுப்பதா என்பதாகும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், பொழுதுபோக்குப் பந்தயக்காரர்களில் பெரும்பாலானோர் ஓடும் ‘பிராக்கெட்’ முறை எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அம்முறையில் வேகமான கார் வெல்வதில்லை.

பிராக்கெட் முறையில் ஓட்டுநர் ஒவ்வொருவரும் தம் கார் கால் மைலை எத்தனை விநாடியில் கடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து, அந்த எண்ணைக் கண்ணாடியில் வெள்ளை மையால் எழுதிக்கொண்டு வருகிறார். இதற்கு ‘டயல்-இன்’ என்று பெயர். ஒருவர் 13.20 என்றும் மற்றவர் 11.80 என்றும் எழுதியிருந்தால், மெதுவான காருக்கு 1.40 விநாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். இரண்டு பாதைகளுக்கும் நடுவே ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று அழைக்கப்படும் விளக்குக் கம்பம் நிற்கிறது. அதில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து, மேலும் அரை விநாடி கழித்துப் பச்சை வருகிறது. பச்சைக்கு முன் நகர்ந்தால் சிவப்பு எரிந்து ஆட்டம் போய்விடும். தாமதமாக நகர்ந்தால் அந்தத் தாமதம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி வரை கணக்கிடப்படும். அறிவித்த நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டாலும் தோல்விதான், எதிராளி அதைவிடப் பெரிய தவறு செய்யாத வரை. மெதுவான கார் பச்சைக்குப் பின் 0.060 விநாடியில் நகர்ந்து 13.25-இல் முடிக்கிறது என்றும், வேகமான கார் 0.110 விநாடியில் நகர்ந்து 11.82-இல் முடிக்கிறது என்றும் கொண்டால், முதல் காரின் மொத்தப் பிழை 0.110, இரண்டாவதன் பிழை 0.130, ஒன்றரை விநாடி அளவுக்கு மெதுவான கார் 0.020 விநாடி வித்தியாசத்தில் பரிசை எடுத்துச் செல்லும்.

ஆகவே இங்கே காருக்கு வேண்டிய குணம், காலையில் ஓடிய நேரத்தையே மாலையிலும் ஓடுவது. அதைவிட முக்கியமான இன்னொரு குணம், மாலை வரை ஓடும் நிலையில் இருப்பது. நின்ற இடத்திலிருந்து முழு விசையோடு பாயும் ஒவ்வொரு முறையும் எஞ்சினின் முறுக்குவிசை முழுவதும் கியர் பாக்ஸ், சுழல்தண்டு, அதன் சிலுவை இணைப்பு, பின் ஆக்சில், டயர் என்ற சங்கிலி வழியாகத் தரையில் இறங்குகிறது. டயர் வழுக்கினால் விசை புகையாகப் போய்விடும், ஒட்டும் டயர் போட்டு வழுக்காமல் பிடித்தால் சங்கிலியின் மெலிந்த கண்ணி அறுந்துபோகும். பழைய காரை வைத்து ஓடுபவர் எதையாவது உடைப்பார் என்பது சந்தேகத்துக்கு இடமற்றது. உடைந்த பாகம் அடுத்த சனிக்கிழமைக்குள் கிடைக்குமா என்பதே கேள்வி.

பரவலான கார் தன் வலிமையைக் காட்டும் இடம் இதுதான். செவ்ரோலெட் நிறுவனம் 1955 மாடல் ஆண்டில் 265 கன அங்குலக் கொள்ளளவோடு அறிமுகப்படுத்திய சிறிய வி-8 எஞ்சின், அதாவது நான்கு நான்காக இரண்டு வரிசை சிலிண்டர்கள் வி வடிவில் சாய்ந்து நிற்கும் எஞ்சின், பிற்காலத்தில் பல கொள்ளளவுகளில் வளர்ந்து, 2011-இல் அதன் வழித்தோன்றல்களையும் சேர்த்து 10 கோடியாவது எஞ்சினை எட்டியது. அவற்றில் மிகப் பரவலானது 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர். குடும்பக் காரிலும் போலீஸ் காரிலும் சிறு லாரியிலும் படகிலும் ஒரே எஞ்சின் இருந்ததால், காயலான் கடையில் தேடினாலும் கிடைக்கும். புதிதாக வார்க்கப்பட்ட சிலிண்டர் ஹெட், பிஸ்டன், கிராங்க் எல்லாவற்றையும் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்வதால் விலையும் மலிவு. எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவற்றுக்கும் இதே கதைதான். 1950 முதல் 1973 வரை செவ்ரோலெட் குடும்பக் கார்களில் வந்த ‘பவர்கிளைடு’ என்ற இரண்டே கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியைச் சாலையில் ஓட்டியவர்கள் மந்தமானது என்று அலுத்துக்கொண்டார்கள். ஆனால் கால் மைலில் ஒரே ஒருமுறை மட்டும் கியர் மாறுவதால் ஓட்டத்துக்கு ஓட்டம் நேரம் மாறுவதில்லை என்பதைக் கண்டுகொண்ட பிராக்கெட் ஓட்டுநர்கள் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். 1957 முதல் ஃபோர்டு கார்களிலும் லாரிகளிலும் வந்த ஒன்பது அங்குலப் பின் ஆக்சிலும் அப்படியே. பல் சக்கரங்கள் அடங்கிய நடுப்பகுதியை முன்பக்கமாகக் கழற்றி மாட்ட முடிவதாலும் உறுதியாலும், இன்று அது செவ்ரோலெட், டாட்ஜ் என்று எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த மருமகளாகிவிட்டது.

அரிய கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுப்பது தவறாகும். முதல் வகை, விற்பனையாகாததால் அரிதானவை. இரண்டாம் வகை, பந்தயத்துக்கென்றே தொழிற்சாலை திட்டமிட்டுச் சில டஜன்கள் மட்டும் செய்தவை. மூன்றாம் வகை, லட்சக்கணக்கில் விற்றும் எவரும் பாதுகாக்காததால் துருப்பிடித்து அழிந்தவை. ஆறு சிலிண்டர் எஞ்சினோடு ஆசிரியர்களும் அஞ்சல்காரர்களும் ஓட்டிய நான்கு கதவுக் கார்கள் இதில் அடங்கும், இவற்றின் அருமைக்குச் சந்தையில் விலை இல்லை.

இரண்டாம் வகைக்கு 1969-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் கமாரோ இசட்.எல்.1 சிறந்த சான்று. 427 கன அங்குலக் கொள்ளளவில் முழுக்க அலுமினியத்தால் ஆன எஞ்சினோடு வந்த இந்தக் கமாரோக்கள் செய்யப்பட்ட எண்ணிக்கை 69 மட்டுமே. அதே ஆண்டு எல்லா வகைக் கமாரோக்களும் சேர்ந்து 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் வெளிவந்தன. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் கார் விற்ற ஃபிரெட் கிப் என்பவர் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்ததால்தான் அது உற்பத்திக்கே வந்தது. ஆனால் எஞ்சினின் விலை மட்டுமே 4,000 டாலரைத் தாண்டி, கார் 7,000 டாலருக்கு மேல் போய்விடவே, வாங்க ஆளின்றிப் பல கார்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அன்று கடைக்காரருக்குச் சுமையாக இருந்த பண்டம் இன்று ஏலத்தில் பெரும் செல்வம். 1968-இல் டாட்ஜ் நிறுவனம் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் துணையோடு செய்த ஏறத்தாழ 80 ஹெமி டார்ட் கார்களும் இந்த இனம்தான். அரைக்கோள வடிவ எரியறை கொண்ட 426 கன அங்குல ஹெமி எஞ்சினைச் சிறிய டார்ட் உடலில் திணித்து, எடையைக் குறைக்கக் கதவுத் தகரத்தை அமிலத்தில் முக்கி மெலிதாக்கி, உத்தரவாதம் ஏதும் இல்லாமல் விற்றார்கள். இவை பந்தயத்துக்கே பிறந்தவை என்றாலும், பொழுதுபோக்குக்காரர் இன்று இவற்றில் ஒன்றை வாங்கி ஓட்டுவது, தாத்தாவின் தஞ்சாவூர் வீணையைக் கச்சேரிக்கு மூட்டை கட்டிக்கொண்டு பேருந்துக் கூரையில் ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இந்தத் தேர்வைச் சிக்கனக் கணக்காக மட்டும் பார்க்க இயலாது, பாதுகாப்பு விதிகளும் குறுக்கே வருகின்றன. தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி, பழைய கார் ஒன்று 13.99 விநாடிக்குள் ஓடினால் ஓட்டுநர் ஹெல்மெட் அணிய வேண்டும்; 11.49-க்குள் ஓடினால் கார் கவிழ்ந்தாலும் கூரை நசுங்காமல் தாங்கும் ‘ரோல் பார்’ என்ற எஃகு வளையம் வேண்டும். 10 விநாடிக்குக் கீழே போனால் முழுக் கூண்டே பற்றவைக்கப்பட வேண்டும். கூண்டின் கால்களை ஊன்றத் தரைத் தகரத்தை வெட்டவும், அகலமான டயர் நுழையப் பின்சக்கரக் குழியைப் பெரிதாக்கவும், பின் ஸ்பிரிங்கை உள்ளே நகர்த்தவும் வேண்டிவரும். ஆலையிலிருந்து வந்த நிலை குலையாதிருப்பதே மதிப்பாகக் கொண்ட காரில் ஒவ்வொரு வெட்டும் பணத்தை வெட்டி எறிவதாகும். ஏற்கெனவே பெயிண்ட் உரிந்து, எஞ்சின் மாறி, தரையில் இரண்டு ஒட்டுப் போட்ட சாதாரண செவ்ரோலெட் நோவா காரில் அதே வெட்டு எவர் மனத்தையும் நோகச் செய்யாது.

எடையும் குதிரைத்திறனும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதற்கு ஓட்டுநர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. ஓட்டுநரையும் சேர்த்த எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வரும் எண்ணின் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்கினால் கால் மைல் நேரம் விநாடியில் கிடைக்கும். 3,400 பவுண்டு, அதாவது சுமார் 1,540 கிலோ எடையுள்ள காருக்கு 300 குதிரைத்திறன் இருந்தால் ஏறக்குறைய 13.1 விநாடியும், 400 இருந்தால் 11.9 விநாடியும் வரும். அதே 400 குதிரைத்திறனில் 100 பவுண்டைக் குறைத்தால் பத்தில் ஒரு பங்கு விநாடிக்குச் சற்று மேல் மிச்சமாகும். இந்தக் கணக்கில் காரின் பெயரோ எத்தனை கார்கள் செய்யப்பட்டன என்பதோ எங்கும் வரவில்லை என்பதை வாங்குபவர் ஒருமுறை நின்று கவனிப்பது நல்லது.

முதல் வகை அரிய கார்களின் சிக்கல் வேறு. அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தின் இருவர் அமரும் ஏ.எம்.எக்ஸ். 1968 முதல் 1970 வரை வந்த அழகிய, எடை குறைந்த கார். ஆனால் அந்த நிறுவனமே 1987-இல் கிரைஸ்லரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதன் வி-8 எஞ்சினுக்கு உதிரிபாகம் செய்பவர்கள் செவ்ரோலெட்டுக்குச் செய்பவர்களோடு ஒப்பிட்டால் கையளவே. ஒரே ஜெனரல் மோட்டார்ஸ் குடைக்குள் இருந்தும் அக்காலத்தில் பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வி-8 வைத்திருந்தன என்பதும், ஒன்றின் சிலிண்டர் ஹெட் இன்னொன்றில் பொருந்தாது என்பதும் புதிதாக வாங்குபவர்கள் பலரை ஏமாற்றும் செய்தி. 1970-இன் பியூக் 455 எஞ்சின் தொழிற்சாலைக் கணக்கிலேயே 510 அடி-பவுண்டு முறுக்குவிசை தந்த பலசாலிதான். ஆனால் அதன் கேஸ்கட் போனால் தெருமுனைக் கடையில் கிடைக்காது.

அருமை என்பது பந்தயத்தாலேயே உண்டாவதும் உண்டு. வில்லிஸ் நிறுவனம் 1942 வரை செய்த சிறிய கூபே கார்கள் விற்பனையில் ஃபோர்டுக்கும் செவ்ரோலெட்டுக்கும் அருகில்கூட வரவில்லை. நிறுவனமும் ஜீப் செய்யப் போய்விட்டதால் அந்த கூபேக்கள் மலிவாகக் கிடைத்தன. பெட்ரோலை அமெரிக்கர்கள் ‘கேஸ்’ என்பதால் ‘கேஸர்’ என்று பெயர் பெற்ற 1960களின் பந்தய வகுப்புகளில், குட்டையான, எடை குறைந்த அந்த உடலுக்குள் பெரிய எஞ்சினை வைத்தவர்கள் வென்றுகொண்டே போக, எல்லாரும் வில்லிஸைத் தேடி வெட்டத் தொடங்கினார்கள். இன்று வெட்டப்படாத 1941 வில்லிஸ் கிடைப்பது அரிது. டிராக் பாதையில் தென்படும் வில்லிஸ்களில் பல ஃபைபர் கண்ணாடியில் வார்த்த நகல்கள். இதற்கு நேர்மாறான வரலாறு ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு. 2003 வரை 2 கோடியே 15 லட்சம் செய்யப்பட்ட அந்தக் காரைக் கலிஃபோர்னியர்கள் 1960களிலிருந்தே டிராக் பாதையில் ஓட்டி வருகிறார்கள். எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருப்பதால் புறப்படும்போது பிடி நன்றாக விழும், உடைந்தால் உதிரி உலகெங்கும் கிடைக்கும், உடலின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு.

இவ்வளவுக்குப் பின் பரவலான காரே சரி என்று தோன்றினாலும், அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிகப் பரவலான பெயர்கள்தாம் இன்று மிக அதிக விலைக்கு விற்கின்றன. அறிமுகமான பன்னிரண்டு மாதங்களில் 4 லட்சத்துக்கு மேல் விற்ற ஃபோர்டு மஸ்டாங்கோ, 1969 கமாரோவோ நல்ல நிலையில் மலிவாகக் கிடைப்பதில்லை. விவரமறிந்தவர்கள் பிரபலமான காரை விட்டு அதன் கூடப்பிறந்ததைத் தேடுகிறார்கள். 1968 முதல் 1974 வரை வந்த செவ்ரோலெட் நோவா, கமாரோவின் முன் சட்டத்தையும் அடிப்படை அமைப்பையும் பகிர்ந்துகொள்கிறது. மஸ்டாங்கே ஃபோர்டு ஃபால்கனின் அடித்தளத்தின் மேல் எழுந்ததுதான். பிளிமத் டஸ்டரும் டாட்ஜ் டார்ட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1979 முதல் 1993 வரை வந்த, ‘ஃபாக்ஸ்’ என்று குறிக்கப்படும் தலைமுறை மஸ்டாங்கும் இப்போது பழைய கார் என்ற தகுதியை அடைந்துவிட்டது. எடை குறைவு, 5 லிட்டர் வி-8, ஏராளமான உதிரி ஆகிய மூன்றும் சேர்ந்ததால் அது ஒரு தலைமுறைப் பந்தயக்காரர்களின் ஆரம்பப் பள்ளியாக இருந்தது. 1987-இல் பியூக் கிராண்ட் நேஷனல் 20,000-க்கு மேல் செய்யப்பட, அதன் உச்ச வடிவமான ஜி.என்.எக்ஸ். 547 மட்டுமே செய்யப்பட்டது. இரண்டின் அடிப்படையும் டர்போ பொருத்திய ஒரே ஆறு சிலிண்டர் எஞ்சின்தான் என்பதால், பந்தயத்துக்கு வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை.

அரிய காரை வைத்திருப்பவருக்கு ஓட இடமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. மிச்சிகன் மாநிலத்தின் ஸ்டாண்டன் ஊரில் 1990களின் நடுவிலிருந்து நடந்துவரும் ‘பியூர் ஸ்டாக்’ பந்தயத்தில், ஆலையிலிருந்து வந்த கொள்ளளவும் கார்புரேட்டரும் பழைய பாணி டயரும் மாறாமல் இருக்க வேண்டும். நேரம் நெருங்கியிருக்கும் இரண்டு கார்களை இணை சேர்த்து மூன்றில் இரண்டு வென்றவருக்கு வெற்றி என்று முடிக்கிறார்கள். குறுகிய டயர் வழுக்கிவிடுவதால் பின் ஆக்சில் தப்பித்துக்கொள்கிறது, எதையும் வெட்ட வேண்டியதுமில்லை. அரிய எஞ்சினின் அருமை உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான் என்று சொல்லலாம்.

வாங்கப் போகும் இடத்தில் பார்க்க வேண்டியவையும் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமையும். பந்தயத்துக்கு வாங்குபவர் காந்தத்தை எடுத்துக்கொண்டு தகரத்தின் மேல் ஓட்டி, புட்டி அப்பிய இடங்களைக் கண்டுபிடித்து, பின் ஸ்பிரிங்கின் முன்முனை சேரும் இடமும் முன் சட்டம் உடலோடு சேரும் இடமும் துருப்பிடிக்காமல் இருக்கின்றனவா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும்; 1960களின் மஸ்டாங்காக இருந்தால் முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுவழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கால்வைக்கும் இடத்தில் சொட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். அரிய காரை வாங்குபவரோ எண்களைப் படிக்கிறார். செவ்ரோலெட் வி-8 எஞ்சினின் வலப்பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், தீப்பெட்டி அளவுக்குக்கூட அகலமில்லாத ஒரு சமதளத் திட்டு இருக்கிறது. எஞ்சின் எந்த ஆலையில் எந்த நாளில் எந்த வகைக் காருக்காகச் சேர்க்கப்பட்டது என்ற குறியீடும், 1960களின் பிற்பகுதியிலிருந்து காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியும் அதில்தான் குத்தப்பட்டிருக்கின்றன. அந்த எண் காரின் எண்ணோடு பொருந்தினால் மதிப்பு பல மடங்காகும். ஆனால் அந்தத் திட்டும் சிலிண்டர் ஹெட் உட்காரும் மேல்தளமும் ஒரே மட்டம். பந்தயத்துக்காக எஞ்சினைப் புதுப்பிக்கும் பட்டறைகள் ஹெட் கசியாமல் உட்காருவதற்காக அந்த மேல்தளத்தை மெஷினில் இழைத்துச் சமன்செய்வது வழக்கம். முன்கூட்டிச் சொல்லி வைக்காவிட்டால், மேல்தளத்தோடு சேர்ந்து அந்த எண்ணும் இழைத்தெடுத்த துகளாகத் தரையில் கிடக்கும்.